அடித்தளத்து ஈரம்: காற்று விட்டால் காயுமா?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வீடு வாங்கப் போகிறவர் கையில் வரும் ஆய்வு அறிக்கையில் பெரும்பாலும் ஒரு பகுதி இருக்கும்: கிரால்ஸ்பேஸ். ராலே, கேரி, டர்ஹம் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இது அங்கே போன பிறகுதான் அறிமுகம். நம்மூரில் மண்ணைக் கெட்டித்து, அதன்மேல் கான்கிரீட் போட்டுத் தரை எழுப்புவோம். அங்கே பல வீடுகளில் தரை மரச்சட்டங்களின் மேல் நிற்கிறது. சட்டங்களுக்குக் கீழே இரண்டு முதல் நான்கு அடி உயரத்துக்கு வெற்றிடம், அதற்கும் கீழே வெறும் மண். சுற்றிலும் செங்கல் அல்லது கான்கிரீட் பிளாக் சுவர். பக்கச்சுவரில் ஒரு சின்னக் கதவு. உள்ளே தவழ்ந்துதான் போக முடியும். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின்கம்பி, ஏசியின் காற்றைச் சுமந்து போகும் டக்ட் எல்லாம் இந்த இடுக்கில்தான் ஓடுகின்றன.

ஜூலை மாதப் பிற்பகலில் அந்தக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், பிரச்சினையுள்ள வீட்டில் தெரிவது இது: செம்மண் களி மிதித்தால் ஒட்டுகிறது. டக்டின் அடிப்பக்கத்தில் நீர்த்துளிகள் கோத்து நிற்கின்றன. சட்டங்களுக்கு இடையே செருகிய ஃபைபர்கிளாஸ் பஞ்சு ஈரத்தில் கனத்துக் கீழே தொங்குகிறது; சில இடங்களில் மண்ணிலேயே விழுந்து கிடக்கிறது. தரைப்பலகையைத் துளைத்து வந்த ஆணிகளின் முனையில் துரு. மரத்தின் மேல் சாம்பல் தூவியதுபோல வெண்பூசணம். இத்தனைக்கும் சுற்றுச்சுவரில் வரிசையாகக் காற்றுத் துளைகள் இருக்கின்றன, அத்தனையும் திறந்தே இருக்கின்றன.

காற்று இவ்வளவு தாராளமாக வந்துபோகும் இடம் ஏன் காயவில்லை? இந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரியாமல் செய்யப்படும் பழுதுபார்ப்பு எதுவும் நிலைக்காது. பல குடும்பங்கள் ஆயிரக்கணக்கான டாலரை இழப்பது இந்த இடத்தில்தான்.

காற்று கொண்டுவரும் தண்ணீர்

ஈரத்துணியைக் காற்றில் உலர்த்தியே பழகியவர்கள் நாம். காற்று பட்டால் ஈரம் போகும் என்பது அனுபவ அறிவு. ஆனால் அந்த அறிவுக்குள் சொல்லப்படாத ஒரு நிபந்தனை இருக்கிறது: துணியைவிடக் காற்று வறண்டதாக இருக்கவேண்டும். அந்த நிபந்தனை தலைகீழானால் காற்றே ஈரத்தைக் கொண்டுவந்து இறக்கிவைத்துவிட்டுப் போகும்.

கணக்கைப் பார்ப்போம். வட கரோலினாவின் கோடைப் பிற்பகலில் வெளியே 32 டிகிரி செல்சியஸ், சார்பு ஈரப்பதம் 60% என்று வைத்துக்கொள்வோம். அங்கே இது சாதாரண நாள்தான். 32 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சமாகச் சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 34 கிராம். அதில் 60% என்றால் சுமார் 20 கிராம். இந்தக் காற்று சுவர்த் துளை வழியாக வீட்டுக்கு அடியில் நுழைகிறது. அங்கே வெயில் படாத மண்ணும், மேலே ஏசி ஓடும் அறையின் குளிர்ந்த தரையும் சேர்ந்து வெப்பநிலையை 21 டிகிரி வாக்கில் வைத்திருக்கின்றன. 21 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றால் சுமக்க முடிந்தது 18 கிராம் சொச்சம்தான். மிச்சம் 2 கிராமுக்கு மேல் தண்ணீராக எங்காவது இறங்கியாக வேண்டும். மரச்சட்டம், ஆணி முனை, குழாய், எது மிகக் குளிர்ந்திருக்கிறதோ அதன்மேல் இறங்குகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கிறதே, அதே விஷயம்தான்.

காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால், அதிலுள்ள நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். மேலே சொன்ன காற்றின் பனிநிலை ஏறத்தாழ 23 டிகிரி. 23 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மேலும் அந்தக் காற்று நீராக இறங்கும். ஏசியின் டக்டுக்குள் ஓடும் காற்று சுமார் 13 டிகிரி. டக்டின் மேலுறை கிழிந்த இடமெல்லாம் சொட்டுவதில் ஆச்சரியம் இல்லை.

100 சதுர மீட்டர் பரப்பும் 90 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கிரால்ஸ்பேஸில் 90 கன மீட்டர் காற்று இருக்கும். மணிக்கு ஒரு முறை அந்தக் காற்று முழுவதும் மாறி, உள்ளே வந்ததெல்லாம் 21 டிகிரிக்குக் குளிர்ந்தால், மணிக்குக் குறைந்தது 180 கிராம் தண்ணீர். ஐந்து மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர். இன்னும் அதிகக் காற்று வரட்டும் என்று துளையில் மின்விசிறி பொருத்தினால், இன்னும் அதிகத் தண்ணீரை உள்ளே இழுக்கிறோம் என்று பொருள்.

குளிர்காலத்தில் இதே கணக்கு மாறிவிடும். பூஜ்யம் டிகிரிக் காற்றில் கன மீட்டருக்கு 5 கிராம்கூட நீராவி இருக்காது. அது உள்ளே வந்து 10 டிகிரிக்குச் சூடானால் மிக வறண்ட காற்றாகி, மரத்தை நன்றாகவே உலர்த்தும். ஆக, காற்றுத் துளைகள் பனிக்காலத்தில் வேலை செய்கின்றன, புழுக்கமான கோடையில் எதிர்வேலை செய்கின்றன. பனிக்காலத்திலும் அவற்றுக்கு ஒரு விலை உண்டு: தரை சில்லிட்டுப் போகும், தண்ணீர்க் குழாய் உறையும்.

விதி வந்த வழி

அப்படியானால் துளை வைக்கச் சொன்னது யார்? அமெரிக்கத் தென்மாநிலங்களின் பழைய வீடுகள் செங்கல் தூண்களின் மேல் நின்றன. அடியில் நான்கு பக்கமும் திறந்தவெளி. ஏசி கிடையாது, எனவே தரையின் அடிப்பக்கம் வெளிக்காற்றைவிடப் பெரிதாகக் குளிர்ந்திருக்காது. ஈரம் தங்க வழியில்லை. பிற்பாடு தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவரில் எவ்வளவு துளை வேண்டும் என்பதற்கு 1940களில் அரசின் வீட்டுக்கடன் சார்ந்த விதிகள் அளவு சொல்லத் தொடங்கின. இன்றும் புழக்கத்தில் உள்ள அளவு, 150 சதுர அடித் தரைக்கு ஒரு சதுர அடித் துளை. மண்ணை நீராவி புகாத ஷீட்டால் மூடினால் 1500 சதுர அடிக்கு ஒன்று போதும் என்ற சலுகையும் உண்டு. அந்தச் சலுகையைக் கவனியுங்கள்: மண்ணை மூடுவது காற்றோட்டத்தைவிடப் பலமடங்கு வலுவான மருந்து என்பதை விதியே ஒப்புக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில் வீடுதோறும் ஏசி வந்தது. தரை குளிர்ந்தது, டக்டுகள் அடியில் இறங்கின. துளை விதி மட்டும் அப்படியே நின்றது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வாளர் வில்லியம் ரோஸ் 1990களில் இந்த விதிகளின் வரலாற்றைத் தேடிப்போய், அவற்றுக்குப் பின்னால் வலுவான ஆய்வு அடிப்படை இல்லை என்று எடுத்துக்காட்டினார்.

களத்தில் அளந்து பார்த்த ஆய்வு வட கரோலினாவிலேயே நடந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் உருவாக்கிய பிரின்ஸ்வில் என்ற சிற்றூரை 1999 செப்டம்பரில் ஃப்ளாய்டு புயலின் வெள்ளம் மூழ்கடித்தது. அதன்பின் அங்கே எழுந்த புது வீடுகளில் 12 வீடுகளை ராலேயைச் சேர்ந்த அட்வான்ஸ்ட் எனர்ஜி என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான்கு வீடுகளில் வழக்கம்போலத் துளைகள். ஆனால் மண் ஷீட்டால் மூடப்பட்டிருந்தது. மீதி எட்டு வீடுகளில் துளையே இல்லை. மண்ணையும் சுவரையும் சேர்த்து மூடி, ஏசியின் காற்றில் கொஞ்சம் உள்ளே விட்டார்கள். கருவிகள் ஈரப்பதத்தைத் தொடர்ந்து பதிவு செய்தன. துளை வைத்த வீடுகளின் அடித்தளத்தில் கோடைக்காலத்தின் பெரும்பகுதி 80 சதவீதத்தை ஒட்டியும் தாண்டியும் ஈரப்பதம் நின்றது. மூடிய வீடுகளில் அது 60 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. வெப்பமூட்டவும் குளிர்விக்கவும் ஆன மின்சாரமும் மூடிய வீடுகளில் சுமார் 15% அல்லது அதற்கும் மேல் குறைந்தது. இந்த அனுபவம் அந்த மாநிலத்தின் கட்டட விதிகளுக்குள்ளும் பிறகு நுழைந்தது.

மரத்துக்கு எவ்வளவு ஈரம் தாங்கும்?

மரம் சுற்றியிருக்கும் காற்றோடு எப்போதும் ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் சார்பு ஈரப்பதம் 80 சதவீதத்தில் நிலைத்தால், மரம் தன் உலர் எடையில் சுமார் 16% அளவுக்குத் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும். அந்த நிலையிலேயே மேற்பரப்பில் பூசணம் தலைகாட்டலாம். ஆனால் பூசணம் மரத்தின் பலத்தைத் தின்பதில்லை. மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைகள் வேறு; அவை காலூன்ற மரத்தின் ஈரம் 28 முதல் 30 சதவீதத்துக்கு மேல் போகவேண்டும். அதனால்தான் 20 சதவீதத்தைப் பாதுகாப்பு எல்லையாக வைத்திருக்கிறார்கள். வெண்பூசணத்தைப் பார்த்ததும் வீடே சரிந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. அதற்காக, பூசணம்தானே என்று விட்டுவிடவும் கூடாது. அது எல்லையை நோக்கி ஈரம் ஏறுகிறது என்ற அறிவிப்பு.

கீழே நடப்பதன் அடையாளம் சில சமயம் வீட்டுக்குள்ளேயே கண்ணில் படும். ஓக் பலகைத் தரையில் செருப்பில்லாமல் நடக்கும்போது ஒவ்வொரு பலகையின் ஓரமும் பாதத்தில் தட்டுப்படுகிறது என்றால், பலகையின் அடிப்பக்கம் ஈரம் குடித்து உப்பி, ஏசி படும் மேற்பக்கம் உலர்ந்து சுருங்கியிருக்கிறது. பலகை குழிந்து, ஓரங்கள் தூக்கிக்கொள்கின்றன. இந்த நேரத்தில் தரையை இழைத்துச் சமப்படுத்த ஆள் கூப்பிடுவது பெரிய தவறு. மேடான ஓரங்களைச் சீவிவிட்டால், பின்னால் அடியில் ஈரம் வடிந்து பலகை பழைய நிலைக்குத் திரும்பும்போது நடுப்பகுதி புடைத்து நிற்கும். முதலில் கீழே உலரட்டும். பல மாதங்கள் ஆகலாம். பெரும்பாலும் பலகைகள் தாமாகவே ஓரளவு படிந்துவிடும்.

அடியில் உள்ள காற்று அங்கேயே அடங்கி இருப்பதும் இல்லை. குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலே எழுந்து கூரை வழியாகக் கசியும்போது, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று தரையிடுக்குகள் வழியே ஏறும். அறைக் காற்றை ஏசிக்குத் திருப்பி எடுத்துப்போகும் டக்டில் ஓட்டை இருந்தால், எந்தப் பருவத்திலும் அது அடித்தளக் காற்றை உறிஞ்சி வீடு முழுக்கப் பரப்பும். மழைக்குப் பின் அறைகளில் வரும் மக்கிய நெடிக்குக் காரணம் இதுதான். ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

வரிசை மாறக்கூடாது

பழுதுபார்ப்பதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது வரிசை. ஓடுகிற தண்ணீர், மண்ணிலிருந்து எழும் நீராவி, வெளிக்காற்றில் வரும் நீராவி என்று ஈரத்துக்கு மூன்று வழிகள். இதே வரிசையில்தான் அடைத்துக்கொண்டு வரவேண்டும்.

முதலில் வீட்டுக்கு வெளியே. 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2500 லிட்டர் தண்ணீர் இறங்கும். கூரை விளிம்பின் கட்டர் இலை அடைத்து நிரம்பி வழிந்தாலோ, இறக்குக் குழாய் சுவரடியிலேயே முடிந்தாலோ, அத்தனை தண்ணீரும் அஸ்திவாரத்தின் காலடியில்தான் ஊறும். வட கரோலினாவின் களிமண் தண்ணீரைச் சீக்கிரம் வடியவிடாது. இறக்குக் குழாயைச் சில அடிகள் தள்ளி நீட்டுங்கள். சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் நிலம் 6 அங்குலமாவது சரியவேண்டும் என்பது அங்குள்ள கட்டட விதி. பூச்செடிப் பாத்திக்காகச் சுவரோரம் மண்ணை உயர்த்தியிருந்தால் அந்தச் சரிவு கெட்டிருக்கும். இதற்கெல்லாம் ஒரு மண்வெட்டியும் ஒரு சனிக்கிழமையும் போதும். அப்படியும் மழைக்குப் பின் உள்ளே தண்ணீர் தேங்கினால், சுவரோரம் துளையிட்ட குழாய் பதித்துச் சரளைக்கல் நிரப்பி வடிகால் அமைக்கவேண்டும். தேவைப்பட்டால், தேங்கும் நீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் வைக்கவேண்டும்.

அடுத்து, வீடே கசியவிடும் தண்ணீர். குளியலறைக்கு நேர் கீழே குழாய் இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். ஏசியிலிருந்து வடியும் நீர் வெளியே போகிறதா, மண்ணிலேயே கொட்டுகிறதா? துணி உலர்த்தும் டிரையரின் காற்றுக் குழாய் இடையில் கழன்று கிடக்கிறதா? கழன்றிருந்தால், ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் துணியிலிருந்த ஈரம் எல்லாம் வீட்டுக்கு அடியில் சேர்கிறது.

மூன்றாவது, மண். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும், களிமண்ணின் நுண்துளைகள் வழியே ஆழத்து நீர் ஏறி, இரவு பகலாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். பாலித்தீன் ஷீட் அதைத் தடுக்கும். குறைந்தது 0.15 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். ஆள் தவழ்ந்து வேலை செய்யும் இடமென்றால் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு தடிமன் இருந்தால்தான் கிழியாது. ஒரு ஷீட்டின்மேல் அடுத்தது 6 அங்குலம் ஏறவேண்டும், மூட்டை டேப்பால் ஒட்டவேண்டும், சுவர்மேல் 6 அங்குலம் ஏற்றி அடைக்கவேண்டும், நடுவில் உள்ள தூண்களையும் சுற்றிக் கட்டவேண்டும். போடுவதற்கு முன் கீழே கிடக்கும் மரத்துண்டு, அட்டை, விழுந்த பஞ்சு எல்லாவற்றையும் அள்ளி வெளியே கொட்டுங்கள். அவை கரையானுக்கு விருந்து.

நான்காவதாகத்தான் துளைகளை மூடுவது. மேலே சொன்ன மூன்றும் முடியாமல் துளையை மட்டும் அடைத்தால், மண்ணின் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்ததாகிவிடும். மூடிய பிறகு கதவுக்கு இறுக்கமான ரப்பர் பட்டை, குழாய்கள் சுவரைத் துளைக்கும் இடங்களில் ஃபோம், சுற்றுச்சுவரின் உட்புறத்தில் வெப்பக்காப்புப் பலகை. சுவரின் மேல்விளிம்பில் 3 அங்குலம் மட்டும் மூடாமல் விடுவது வழக்கம். கரையான் மண்பாதை கட்டி மேலே ஏறினால் அந்த இடைவெளியில்தான் கண்ணில் படும்.

கடைசியாக உலர்த்தும் ஏற்பாடு. மூடிவிட்டாலும் கொஞ்சம் ஈரம் வந்துகொண்டுதான் இருக்கும். ஏசி டக்டிலிருந்து 50 சதுர அடிக்கு நிமிடத்துக்கு ஒரு கன அடி வீதம் உலர்ந்த காற்றை விடுவது ஒரு முறை. காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கும் டீஹியூமிடிஃபையர் வைப்பது இன்னொரு முறை. அது பிழியும் தண்ணீர் குழாய் வழியே வெளியே போகவேண்டும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஏசி ஓடாத ஈரமான வாரங்கள் வரும். அப்போதும் வேலை செய்வது டீஹியூமிடிஃபையர்தான். ஈரப்பத அளவை 50 முதல் 55 சதவீதத்தில் வைத்தால் போதும். முதல் வாரமே எல்லாவற்றையும் வறட்டிவிட நினைக்கவேண்டாம். மரம் வேகமாகச் சுருங்கினால் தரைப்பலகைகள் இடைவெளி விடும்.

மூடக்கூடாத இடங்கள்

கிரால்ஸ்பேஸின் காற்றையே எடுத்து எரியும் எரிவாயு ஹீட்டர் அங்கே இருந்தால், அதை மாற்றாமல் துளைகளை மூடுவது உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் ஏறிவிடும். வெள்ள அபாயப் பகுதி என்று வரையறுக்கப்பட்ட நிலத்தில், வெள்ளம் உள்ளே புகுந்து வெளியேற வழிவிடும் திறப்புகள் சட்டப்படி இருந்தாகவேண்டும். இல்லையென்றால் வெள்ள நீரின் அழுத்தம் சுவரைச் சாய்த்துவிடும். மலைப்பகுதி மாவட்டங்களில் மண்ணிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு எழுவதுண்டு. மூடுவதற்கு முன்பும் பின்பும் அதை அளந்து பார்க்கவேண்டும். லிட்டருக்கு 4 பிக்கோகியூரி இருந்தால் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

எண்ணைக் கேளுங்கள்

இத்தனையும் சொல்வதற்குக் காரணம், பயத்தைக் காட்டி விற்பது எளிது என்பதுதான். பூசணத்தின் படத்தைக் காட்டி, மருந்தடித்தால் போதும் என்பவர் ஒருவர். வெள்ளை ஷீட்டால் எல்லாவற்றையும் சுற்றிப் பளபளவென்று காட்டிவிட்டு, கட்டர் நிரம்பி வழிவதைத் திரும்பியும் பார்க்காதவர் இன்னொருவர். மருந்தின் வீரியம் போன பிறகும் ஈரம் இருந்தால் பூசணம் திரும்ப வரும். ஷீட்டுக்கு அடியில் மழைநீர் ஓடினால், ஷீட்டின் அழகு அதை மறைக்கத்தான் உதவும்.

எனவே கையெழுத்துப் போடும் முன் வேலை எடுப்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். மரத்தின் ஈரத்தை எந்தெந்த இடத்தில் அளந்தீர்கள், எத்தனை சதவீதம்? தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டீர்கள்? வேலை முடிந்த பிறகு எந்த அளவுக்குள் இருந்தால் வெற்றி என்பீர்கள்? இதற்கு எண்ணும் இடமும் சொல்லிப் பதில் தருகிறவரை நம்பலாம். காற்றோட்டம் போதவில்லை என்ற ஒற்றை வரியோடு நிறுத்துகிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நீங்களும் அளக்கலாம். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கம்பியில்லாமல் செல்போனுக்கு அனுப்பும் சின்னக் கருவி அதிக விலை இல்லை. ஒன்றை அடித்தளத்திலும் ஒன்றை வெளியே நிழலிலும் வையுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் உள்ளே மட்டும் ஈரப்பதம் ஏறினால், குற்றவாளி மண்ணும் மழைநீரும். மழையே இல்லாத புழுக்க வாரத்தில், வெளிக்காற்றின் பனிநிலை ஏற ஏற உள்ளேயும் ஏறினால், குற்றவாளி துளை. இரண்டும் இல்லாமல் எப்போதும் ஒரே உயர்ந்த மட்டத்தில் நின்றால், குழாய்க் கசிவைத் தேடுங்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே நின்ற ஒரு விதியைப் பன்னிரண்டு வீடுகளில் கருவி வைத்து அளந்தவர்கள் மாற்றிக்காட்டினார்கள். ஒரு கோடை முழுக்க அளந்த எண்கள் கையில் இருந்தால், உங்கள் வீட்டுக்கு எந்த வேலை தேவை, எது தேவையில்லை என்று முடிவெடுக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கும்.